எந்தக் கணினியிலும் ஓடும்

மார்ச் 4

என் அன்பு மனைவிக்கு,

நலமா? இங்கே வேலையில் தலைகால் புரியவில்லை. எங்கள் ஸ்டிக்கர் வடிவமைப்பு மென்பொருளை விண்டோஸுக்கு, மேக்குக்கு, லினக்ஸுக்கு என்று மூன்று முறை எழுதி மாய்ந்தோமே, இனி ஒரே முறை எழுதினால் போதும். மூன்றிலும் ஓடும். டெஸ்க்டாப் மென்பொருளின் எதிர்காலமே இதுதான் என்கிறார்கள்.

எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. எந்தக் கணினியிலும் ஓடும் என்றால், நீ உன் ஸ்டிக்கர் கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்தும் வேலை செய்யலாமே? சோதனைப் பதிப்பை அனுப்பியிருக்கிறேன், போட்டுப் பார். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டது. இந்த முறையாவது வருவாயா?

உன்,
பிடிவாதக்காரன்

மார்ச் 11

அன்புள்ள பிடிவாதக்காரருக்கு,

போட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு பிரௌசரையே முழுசாகத் தூக்கி வைத்திருக்கிறீர்கள் போல. அது திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிட்டேன். கடைக் கணினியின் விசிறி அலறிய அலறலில், ஸ்டிக்கர் வாங்க வந்தவர் ஒருவர் "என்னக்கா, உள்ள மிக்ஸி ஓடுதா?" என்று கேட்டார்.

ஆனால் குறை மட்டுமே சொல்லக்கூடாது. கடைக் கணினியில் வரைந்த அதே படம் என் மடிக்கணினியிலும் ஒரு எழுத்துகூடக் கலையாமல் திறந்தது. அழகாக இருந்தது.

ஆனால் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தை மறந்துவிட்டீர்களே! அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் கடைக் கணினியில் இருக்கிற இந்தப் பழைய விண்டோஸுக்கு மட்டும்தான் உண்டு. எங்கே வேண்டுமானாலும் வரையலாம், வெட்டுவது இங்கேதான். நான் வந்தால் கடை போய்விடும். இதை நானாக உண்டாக்கினேன், விட மனசில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். எங்கேயும் ஓடுகிற ஒன்றை எழுத, நீங்கள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

உங்கள் நாற்காலியில் ஸ்டிக்கர் வெட்டுகிற வினைல் ரோல்களை அடுக்கிவிட்டேன். காலியாக இருந்தால் கண் அங்கேயே போகிறது.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரி

மார்ச் 19

என் கடைக்காரிக்கு,

உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பிறகு மேலாளரிடம் போய், ஊரில் நம் வீட்டிலிருந்தே மென்பொருளை எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தாராளமா எழுதுங்க. இவ்வளவு நாளா நீங்க கேட்கவே இல்லையே?" என்றார்.

உன்னை வரச் சொல்லி எத்தனை கடிதம் எழுதினேன்! அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பழைய கணினியில் சோதித்துப் பார்க்க ஆளே இல்லை என்று அவர் புலம்பினார். விசிறி அலறுகிற கணினி ஒன்று எனக்குத் தெரியும் என்றேன்.

வெள்ளிக்கிழமை வருகிறேன். ரோல்களை எடுத்து வை.

உன்,
நான்