சுவிட்சின் மேல் ஒட்டிய சீட்டு

அண்ணா,

வந்ததும் நெட் வரவில்லை என்று ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடாதே. உன் கை முதலில் அங்கேதான் போகும் என்பதால் சீட்டைச் சுவிட்சின் மேலேயே ஒட்டியிருக்கிறேன். கம்பெனி போட்டுக் கொடுத்த மென்பொருளை எடுத்துவிட்டு, வெளியாட்கள் எழுதி இலவசமாகத் தருகிற வேறொன்றை அதில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். விளக்கு சிமிட்டுகிறவரை வேலை நடக்கிறது என்று அர்த்தம். நடுவில் நிறுத்தினால் அது வெறும் டப்பா. என் நாளைய இன்டர்வியூவும் அதோடு சரி.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். அம்மா தூங்குகிறாள், டிவியைச் சத்தமாக வைக்காதே. அவள் மாத்திரை தீர்ந்துவிட்டது, மருந்துக்கடைக்குப் போகிறேன்.

போன இன்டர்வியூவில் அவர்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே நெட் நின்றது. "பொட்டி கட் பண்ணுச்சு, நானா பண்ணேன்?" என்று சிரித்தாய். இன்று ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கும் பட்டியலில் என் லேப்டாப் இருந்தது, 'குட்டிம்மா' என்ற பெயரில். எம்.எஸ்சி. முடித்த குட்டிம்மா.

உள்ளே போக நீ வைத்த பாஸ்வேர்டு என் பிறந்த தேதி. முதல் தடவையிலேயே திறந்துகொண்டது. அதனால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

பழைய மென்பொருள் உன் மேசையில், பென் டிரைவில் இருக்கிறது. நாளை மட்டும் பேசி முடித்துவிடுகிறேன். அப்புறம் நீ சொன்னால் நானே திரும்பப் போட்டுத் தருகிறேன்.

பி.கு. நேரில் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்று: கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவி உன்னிடம் மட்டும்தானே இருக்கிறது. மணி அடித்தால் வந்து திற.