நீல வெளிச்சத்தில் கதிரவனின் வயிறு

திருத்தணி,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி பூபாலனுக்கு,

அக்கா கன்னியம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் வீட்டுக்காரி பானுப்ரியாவும் பிள்ளையும் மணவூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறான். தறிக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. எனக்கு அங்கன்வாடி வேலை இருப்பதால் அடுப்பு எரிகிறது.

போன வாரம் வேலூர் ஜெயிலுக்கு வந்து உன்னைப் பார்க்க மனு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ வெளியே வரவில்லை. "அந்த ஆஸ்பத்திரி வாசல்ல கால் வெச்சவ மூஞ்சிய நான் பாக்கமாட்டேன்" என்று சொல்லி அனுப்பினாய். நம் சின்னத் தம்பி கதிரவனை நான் அவர்களிடம் பலி கொடுத்துவிட்டேன் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை நானே எழுதுகிறேன். இதை உனக்கு முன்னால் அங்கே வேறு ஆட்கள் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். எல்லாம் ஏற்கெனவே போலீஸ் ஸ்டேஷனில் எழுதியிருக்கிறது.

உனக்குத் தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து நம் தம்பி கொட்டகையிலேயே கிடந்தான். குடிப்பான், வாந்தி எடுப்பான், மறுபடி குடிப்பான். சோற்றுத் தட்டை வைத்தால் என் மேலேயே வீசுவான். ஒரு நாள் பாட்டிலைப் பிடுங்கினேன் என்று என் தலைமுடியைப் பிடித்துத் தறியில் மோதினான். புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு இருக்கிறது. நீ வெளியே வந்திருந்தால் பார்த்திருப்பாய். "அண்ணன் பாதில வுட்டத நான் முடிக்கிறேன்" என்பதே அவன் வாயில் பேச்சு. குடிகாரன் பேச்சு என்று நினைத்துவிட்டேன்.

ஆடி பரணி அன்று காலையில் கொட்டகைக்குப் போனேன். ஆளைக் காணோம். ஆடு வெட்டும் கத்தியையும் காணோம். ஊர் முழுக்கக் காவடி. ஆட்டோ எதுவும் உள்ளே வரவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே அவனைப் பார்த்தேன். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தான். நடு ரோட்டில் குனிந்தான். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. சாராயமும் ரத்தமும் கலந்து அவன் சட்டை, கால், தார் ரோடு எல்லாம் சிவந்துபோனது.

அவனுக்குச் சாமி வந்துவிட்டது என்று ஜனங்கள் நினைத்தார்கள். பம்பைக்காரர் அவன் முகத்துக்கு நேரே வந்து இன்னும் வேகமாக அடித்தார். ஒரு பொம்பளை அவன் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். "சாமி இல்ல, ரத்தம் கக்குறான்" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அவன் அவர்கள் காலுக்கு நடுவிலேயே விழுந்து துடித்தான்.

தூக்க ஓடி வந்தது வாட்ச்மேன் துரைக்கண்ணு. நீ தாடையை உடைத்தாயே, அவர்தான். யார் என்று தெரியாமல்தான் தூக்கினார். கேட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தபோது இடுப்பிலிருந்த கத்தி வெளியே வந்தது. அது அவன் தொடையையே கிழித்திருந்தது. துரைக்கண்ணு கத்தியைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்திலேயே குத்தினார். "உங்க அண்ணன் புடுங்கினதுக்கு நான் கட்டினு இருக்கிற பல்லுடா இது. நீ இன்னா புடுங்க வந்த?" என்று கேட்டுக்கேட்டுக் குத்தினார். மூக்கு உடைந்தது. நான் தம்பி மேல் குறுக்கே விழுந்தேன். அடுத்த உதைகள் என் முதுகில் விழுந்தன. நர்சுகள் படியில் நின்றார்கள். ஒருத்தியும் இறங்கவில்லை. "இந்தக் குடும்பத்து ஆளத் தொடமாட்டோம்" என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. நீ செய்ததை அவளும்தானே பார்த்தாள்.

டாக்டர் ராஜமாணிக்கம் வந்தார். இடது கை அவருக்கு முழங்கைக்குக் கீழே திருகிக்கொண்டு நிற்கிறது. விரல்கள் மடங்குவதில்லை. நைனா செத்த அன்று நீ அந்தக் கையை அடித்ததை நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். உன்னிடம் இதுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. நீ கம்பியை ஓங்கியபோது அவர் முகத்தை மறைக்கத்தான் கையைத் தூக்கினார். கீழே விழுந்த பிறகும் அதே கையின் மேல் அடித்தாய். எலும்பு உடைகிற சத்தம் வராந்தா கடைசி வரை கேட்டது. அதற்குப் பிறகுதான் உள்ளே போய், நைனாவின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த மெஷினையும் திரையையும் நொறுக்கினாய்.

அவர் கீழே கிடந்த கத்தியைக் காட்டி, "இது எனக்குத்தானேம்மா?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆங்" என்றேன். குனிந்து கதிரவனின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். பிறகு, "கத்திய ஸ்டேஷன்ல குடுத்துடுங்க. இவன உள்ள தூக்குங்க" என்றார். தூக்கியதும் துரைக்கண்ணுதான்.

ரத்தம் ஏற்றி, ஊசி போட்டு, நீ நொறுக்கிய அந்த அறைக்குக் கொண்டுபோனார்கள். நம் தம்பி சும்மா இருக்கவில்லை. வாய் மூடாமலிருக்க வளையம் வைக்க வந்த நர்சின் விரலைக் கடித்தான். துரைக்கண்ணு தோளை அழுத்தினார், நான் காலைப் பிடித்தேன். மயக்கம் பிடிக்கும்வரை எங்களை உதைத்துக்கொண்டே இருந்தான். டாக்டரால் இப்போது குழாயைப் பிடிக்க முடியாது. குழாயின் நுனியை வளைக்கும் சக்கரத்தைத் திருப்புவது இடது கை வேலையாம். தேவிப்பிரியா என்கிற சின்ன டாக்டரம்மா குழாயை விட்டார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

வாந்தி எடுத்து எடுத்து உணவுக்குழாய் அடியில் கிழிந்திருந்தது. ரத்தம் வந்தது அங்கிருந்துதான். கிளிப் போட்டு நிறுத்தினார்கள். வேலை முடிந்தது என்று அந்தம்மா குழாயை இழுக்கப் போனார். "இரு, வராத. இவங்க அப்பாவுக்கு இருந்துது" என்று தடுத்தார் அவர். தண்ணீர் அடித்து ரத்தத்தைக் கழுவச் சொன்னார். காற்று ஊதி வயிற்றை விரிக்கச் சொன்னார். ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஓர் இடத்தில், "நீல லைட்டு போடு" என்றார். சிவப்பாக இருந்த வயிறு பச்சையும் பழுப்புமாக மாறியது. பூபாலா, நான் தறி வீட்டில் பிறந்தவள். சுற்றிலும் ஒரே சீராக இருந்த கோலம் அந்த நகக்கண் அளவு இடத்தில் மட்டும் கலைந்திருந்தது. நூல் தப்பிய துணி மாதிரி. அது வலிக்கவும் இல்லை, அதிலிருந்து ரத்தம் கசியவும் இல்லை. அன்றைக்கு அவர் வராதே என்று சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நைனாவுக்கு வந்த அதே புற்றுக் கட்டிதான், ஆனால் ஆரம்பம். மேல் தோலைத் தாண்டவில்லை. சென்னையில் வயிற்றைத் திறக்காமல், குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஓரங்களில் மிச்சம் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. கத்தி கேஸ் அவன் மேல் இருக்கிறது. ஜாமீனில் வந்து ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறான். குடிக்கவில்லை. துரைக்கண்ணுவைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறான். அவரும் இவனைப் பார்த்தால் எச்சில் துப்புகிறார். அப்படியே இருக்கட்டும்.

டாக்டரிடம் நன்றி சொல்லப் போனேன். "உங்க தம்பிங்கள நான் மன்னிச்சுட்டேன்னு ஊர்ல போய்ச் சொல்லாதீங்க. மன்னிக்கல. இது வேற" என்றார். பிறகு அவரே சொன்னார். நைனா வந்தபோது கட்டி கல்லீரல் வரை ஒட்டியிருந்ததாம். குழாய் விட்டாலும் விடாவிட்டாலும் அவர் போயிருப்பார். எரியுது எரியுது என்று அவர் சொன்ன வருஷமெல்லாம் நாம் மெடிக்கலில் வெள்ளை மருந்துதானே வாங்கிக் கொடுத்தோம். பெற்ற பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் பார்த்துக்கொண்டேன். வயிற்றில் கிருமி மட்டும் இருந்தது, மாத்திரை சாப்பிடுகிறேன். கடைசியில், உன் பெயரைச் சொல்லாமல், "உள்ள இருக்கிறவனுக்கும் சொல்லுங்க" என்றார்.

நீ வெளியே வராத அன்று வார்டர் ஒன்று சொன்னார். உனக்கும் நெஞ்சுக்குக் கீழே எரிகிறதாம். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறாயாம். சிறை டாக்டர் எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வந்த போலீஸ்காரரை நீ தலையால் முட்டி மூக்கை உடைத்தாயாம். நாலு பேர் உன்னைத் தரையில் போட்டு மிதித்துத் தனி அறையில் அடைத்தார்களாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் குழாய்தான் நைனாவைக் கொன்றது என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அது உண்மையாக இருந்தால்தான் அந்தக் கை உடைந்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கும். எனக்குப் புரிகிறது, தம்பி. அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மட்டும் ஆசையா? ஆனால் அதைக் காப்பாற்ற நீ செத்துப்போக நான் விடமாட்டேன். நைனாவுக்குக் கொள்ளி வைத்ததோடு போதும்.

சிறை டாக்டரிடம் சம்மதம் என்று சொல். யாரையும் அடிக்காமல் வண்டியில் ஏறு. வாயைத் திற. எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி கேட்டில் வந்து நிற்பேன். கிட்டே விடமாட்டார்கள் என்று தெரியும். நீ என்னைப் பார்க்க வேண்டாம், ஒரு வார்த்தை பேசவும் வேண்டாம். விலங்கோடு இறங்கி நேரே உள்ளே போ. போவதை நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

மலைமேல் இருக்கிறவன் உன் உடம்பில் ஒன்றும் இல்லாமல் காக்கட்டும். இருந்தாலும், சின்னதாக இருக்கும்போதே கண்ணில் படட்டும்.

உன் அக்கா,
கன்னியம்மாள்.