கப்பல் தலைவிக்கு வேறு முகம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். அப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதியிருக்கிறேன். நீயும் அதே முறைப்படி சுகம் என்று பதில் போடுவாய், ஆகவே அந்த வேலை முடிந்தது.

நீ படம் வரைந்து அனுப்பிய கடற்கொள்ளைக் கதை வந்து சேர்ந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு பொத்தான் இருக்கும், எதை அழுத்துகிறோமோ அந்தப் பக்கம் கதை போகும் என்று அண்ணன் கணினியில் காட்டினான். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் காட்டிய பக்கம் போனவனுக்கு இது பெரிய பதவி உயர்வு. படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. கடலுக்கு நீலத்தை அப்பாமல் பழைய ஈயப் பாத்திரத்தின் நிறம் கொடுத்தது சரி, கிழிந்த கப்பல் பாய்க்கு ஒட்டுத்துணி வைத்ததும் சரி. பொத்தான்களை மட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வை. கொள்ளையடிப்பதும் சரணடைவதும் ஒட்டிக்கொண்டு இருப்பதால், கொள்ளையடிக்க நினைத்த இடத்திலெல்லாம் நான் சரணடைந்துவிட்டேன்.

கொள்ளைக் கப்பலின் தலைவிக்கு உன் அம்மா முகத்தைக் கொடுத்திருக்கிறாய். இப்படியே விட்டுவிடவா அப்பா, வெள்ளிக்கிழமை எல்லாப் படங்களையும் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். முகம் அப்படியே இருக்கிறதம்மா. புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைக்கூட நீ மறக்கவில்லை. உன் அத்தை பார்த்துவிட்டு, "குளத்துப் படகுல ஏறவே என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடுங்குனவ, போனப்புறம் கப்பலே ஓட்டுறாளா" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள், பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். தலைவி முகத்தில் இன்னும் கொடூரம் வேண்டும், வீட்டு மனுஷி மாதிரி இருக்கிறாள் என்று உங்கள் மேலதிகாரி சொன்னாராமே. ஈரக்காலோடு உள்ளே வந்தவனை உன் அம்மா பார்க்கும் பார்வையை அவர் ஒருமுறை வாங்கியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

புயல் வருகிற இடத்தில் நான் சுக்கானைப் பிடிக்கச் சொன்னேன். அவள் கடலில் விழுந்துவிட்டாள். எனக்கு என்ன தோன்றியதோ, ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டேன். அதற்குமேல் நடக்காமல் நின்றுவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. உன் அண்ணன் ஒன்றும் கேலி பேசவில்லை. திரும்பப் போட்டு, பின்னால் போவதற்கு ஓர் அம்புக்குறி இருக்கிறது என்று காட்டினான். பின்னால் போனேன், படகில் இறங்கச் சொன்னேன். தன் இடத்தைக் காயம்பட்டவனுக்குக் கொடுத்துவிட்டு அவள் மூழ்கினாள். இன்னும் பின்னால் போய்த் தீவுப் பக்கம் திருப்பிப் பார்த்தேன், பாறை. எந்த வழியில் போனாலும் தலைவி சாக வேண்டும், அப்போதுதான் படிக்கிறவன் தலைவனாக முடியும், அதுதான் கதையின் அமைப்பு என்று அண்ணன் விளக்கினான். அமைப்பு நல்ல அமைப்புதான்.

ஆஸ்பத்திரியில் உன் அம்மாவுக்குப் பெரிய டாக்டரும் இரண்டே வழிதான் சொன்னார், அறுவை சிகிச்சை செய்யலாம், அல்லது வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று. நான் அறுவை என்றேன். அங்கே அம்புக்குறி எதுவும் இல்லை. மற்ற வழியில் போயிருந்தால் எத்தனை நாள் இருந்திருப்பாள் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

விமானம் கிடைக்காமல் கைபேசியிலேயே எல்லாவற்றையும் பார்த்தவள் நீ. பக்கத்தில் உட்கார்ந்து அழக் கிடைக்காததை வரைந்து தீர்த்திருக்கிறாய் என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் இதை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டாய், சொல்கிறேன். வேண்டாமம்மா. வேறு முகம் போடு. யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார்கள், அழுத்தும்போதெல்லாம் அவள் போவாள். ஒரு தடவை அனுப்பி வைத்ததையே என்னால் தாங்க முடியவில்லை.

நீ வரைந்ததை அழித்துவிடாதே. புயலுக்கு முந்தைய அந்தப் படத்தை, அவள் மட்டும் நிற்கிற மாதிரி, பொத்தான்களை எடுத்துவிட்டு அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. ஞாயிறு அண்ணனுக்குப் பேசு, நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று அவன் சொல்வான், நம்பிய மாதிரி காட்டிக்கொள். நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மட்டும் வேறு வழி எதுவும் கிடையாது.

உன்
அப்பா