‘பேனிக்’ என்ற சொல்லை நீக்கக் கோரி

அனுப்புநர்
ரா. மர்சலின்,
ஆங்கில ஆசிரியை,
சாந்தோம், மயிலாப்பூர்,
சென்னை.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
ஜவுளிக் கடை தீ விபத்து மறுஆய்வுக் குழு,
தியாகராய நகர், சென்னை.

பொருள்: ஜவுளிக் கடை தீ விபத்து – வரைவு அறிக்கை – இறந்தவர்கள் மீதே பழி சுமத்தப்பட்டிருப்பது – ஆட்சேபம் தெரிவித்து மனு அளித்தல் – தொடர்பாக.

பார்வை: பொதுமக்களின் கருத்தைக் கேட்டுத் தங்கள் குழு வெளியிட்டுள்ள வரைவு அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஜெசிகாவின் தாய். தீபாவளிக் கூட்டத்தின்போது மேற்படி கடையின் மூன்றாம் தளத்தில் மூச்சுத் திணறி இறந்த எட்டுப் பேரில் என் மகளும் ஒருத்தி. அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஞானஸ்நானத்தின்போது அவள் ஞானத்தாயாக நின்ற குழந்தை தேவாலயத்தில் முதல் நற்கருணையான புதுநன்மையை வாங்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஞானத்தாய்தான் வெள்ளை உடுப்பு எடுத்துத் தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதற்காகத்தான் அன்று கடைக்குப் போனாள்.

2. ஆங்கிலத்தில் உள்ள தங்கள் வரைவு அறிக்கையை முழுவதும் படித்தேன். மக்கள் ‘பேனிக்’ ஆகி, அதாவது பீதியடைந்து, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஓடியதே உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் என்றும், நிர்வாகத்தின் மீது நடவடிக்கை எடுக்க முகாந்திரம் இல்லை என்றும் அதில் முடிவு செய்யப்பட்டுள்ளது. இதுவே இறுதி அறிக்கையானால் வழக்கு அத்துடன் முடிந்துவிடும் என்று எங்களிடம் சொன்னார்கள். ஆகவே இந்த மனு.

3. அறிக்கையை எழுதிய அலுவலருக்குக் கிரேக்கக் கதைகளில் மிகுந்த பிரியம் போலிருக்கிறது. மீட்புப் பணியை ‘ஹெர்குலியன் முயற்சி’ என்கிறார். பக்கவாட்டுப் படிக்கட்டு கட்டடத்தின் பலவீனமான இடம், ‘அக்கிலிஸ் ஹீல்’ என்கிறார். யார் மேல் தவறு என்று கிளறுவது ‘பண்டோரா பெட்டியைத் திறப்பது’ என்கிறார். இந்தச் சொற்களை எல்லாரும் அன்றாடம் பேச்சில் எடுத்து வீசுகிறோம். அவற்றுக்குப் பின்னால் உள்ள கதைகளை வகுப்பில் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அந்தக் கதைகளைத் தங்கள் முன் வைக்க அனுமதிக்க வேண்டுகிறேன்.

4. ஹெர்குலிஸ் என்ற பலசாலி பன்னிரண்டு கடும் வேலைகளைச் செய்தான். ஏன் செய்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. புத்தி பேதலித்த ஒரு வேளையில் தான் பெற்ற பிள்ளைகளையே கொன்றுவிட்டான். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் அத்தனை வேலையும். பிள்ளைகள் செத்த பிறகு நடக்கும் வேலைக்கு அவன் பெயரை வைத்தது பொருத்தம்தான், ஐயா. ஆனால் அவன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தங்கள் அறிக்கையில் அந்தப் பகுதி விடுபட்டுள்ளது.

5. அக்கிலிஸ் கைக்குழந்தையாக இருந்தபோது, எந்த ஆயுதமும் அவனைத் தீண்டக் கூடாது என்று தாய் அவனை ஒரு நதியில் முக்கி எடுத்தாள். அவள் பிடித்திருந்த குதிகாலில் மட்டும் தண்ணீர் படவில்லை. பிற்பாடு அங்கேதான் அம்பு பட்டு இறந்தான். பிள்ளையைக் காப்பாற்ற நினைத்த தாய் அறியாமல் விட்ட குறை அது. இந்தக் கடையின் படிக்கட்டு அப்படி ஆனதல்ல. பெரிய படிக்கட்டில் தீபாவளிச் சரக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கி அடைத்தார்கள். பக்கவாட்டுப் படிக்கட்டுக்கு ஷட்டர் போட்டார்கள். எல்லாம் தெரிந்தே செய்தது.

6. பண்டோரா கதையில் பெட்டி திறந்ததும் நோயும் சாவும் துயரமும் வெளியே பறந்துவிடுகின்றன. பதறிப்போய் மூடும்போது உள்ளே மிஞ்சுவது நம்பிக்கை மட்டும். எங்கள் வீடுகளுக்கு வர வேண்டியதெல்லாம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. இனிமேல் தாங்கள் மூடினால் உள்ளே அடைபடப்போவது எது என்பதைத் தாங்களே யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

7. இப்போது ‘பேனிக்’. ஆட்டுக்கால் கொண்ட பான் என்ற காட்டுத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்த சொல். அமைதியாக மேயும் மந்தை திடீரென மிரண்டு ஓடினால், ஒன்றும் இல்லாததற்குப் பயந்து ஓடினால், அது பான் செய்த வேலை என்பார்கள். இறந்த எட்டுப் பேரைத் தங்கள் அறிக்கை அந்த மந்தையில் சேர்த்துவிட்டது.

8. நடந்தது இதுதான். இந்தக் கடையில் பணம் கட்டிய பிறகும், வாசல் காவலரிடம் பில்லைக் காட்டி அதில் முத்திரை வாங்கினால்தான் வெளியே விடுவார்கள். நமக்கெல்லாம் பழகிப்போன வழக்கம். கூட்ட நாள் என்பதால் மூன்றாம் தளத்துப் பக்கவாட்டுப் படிக்கட்டின் முன்பும் மேசை போட்டு ஒரு காவலரை உட்கார வைத்திருந்தார்கள். புகை வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பில்லில் முத்திரை குத்தி ஒவ்வொருவராக வெளியே விட்டார்கள். பில் இல்லாதவர்களைப் போய் பில் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். அவர்களும் சொன்னபடி திரும்பிப் போனார்கள்.

9. ஜெசிகா எனக்குப் போன் செய்தாள். “அம்மா, லேசா புகை வருதும்மா, நீ பயப்படாத. பில்லுல சீல் போட்டு ஒவ்வொருத்தரா விடுறாங்க. எனக்கு முன்னாடி ஒரு பத்துப் பேருதான் இருக்காங்க” என்றாள். அதன் பிறகு அவள் குரலை நான் கேட்கவில்லை.

10. அதே தளத்தில் சுடிதார் பிரிவில் வேலை பார்த்தவர் நிஷா. புகையில் மயங்கிக் கிடந்து உயிர் பிழைத்தவர். தங்கள் குழு அவரை அழைத்து விசாரிக்கவில்லை. என் வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: “யாருமே ஓடல டீச்சர். பில்ல கைல வச்சிக்கினு நின்னுக்கினு இருந்தாங்க. மேனேஜரு போன்ல, சரக்கு வெளிய போவுது, ஷட்டர இறக்குன்னு கத்துனாரு. செக்யூரிட்டி முழுசா இறக்கிட்டு அந்தாண்ட பக்கமா பூட்டு போட்டுட்டாரு. அப்பக்கூட தெறப்பாங்கன்னு லைன்லயே நின்னாங்க. உங்க பொண்ணு கைக்கொழந்த வச்சிருந்த ஒரு அக்காவ, நீங்க முன்னாடி போங்கன்னு தன் எடத்துல விட்டுட்டு பின்னாடி போயி நின்னுச்சு. அந்த அக்கா போனதுக்கப்புறந்தான் ஷட்டர் எறங்குச்சு.”

11. கைக்குழந்தையோடு வெளியேறிய அந்தப் பெண்ணின் பெயர் இஃப்ரா. அடையாறில் குழந்தையோடு நலமாக இருக்கிறார். எங்கே எப்போது கூப்பிட்டாலும் வந்து சொல்வதாக என்னிடம் கூறியுள்ளார். மிரண்டு ஓடும் மந்தையில் யாராவது இன்னொருவருக்கு இடம் விட்டுக்கொடுத்துத் தாங்கள் கேள்விப்பட்டதுண்டா, ஐயா? அன்று அவர்கள் பயந்து, காவலரைத் தள்ளிவிட்டு ஓடியிருந்தால் இன்றைக்கு என் மகள் என்னோடு இருப்பாள். ஓடாததால்தான் செத்தார்கள்.

12. ஆகவே, நிஷா, இஃப்ரா இருவரின் வாக்குமூலங்களையும் பதிவு செய்ய வேண்டும். ஷட்டரை இறக்கச் சொன்னவர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்க வேண்டும். ‘பேனிக்’ என்ற சொல்லை அறிக்கையிலிருந்து நீக்கி, பூட்டிய ஷட்டருக்கு முன்னால் இந்த எட்டுப் பேரும் கடை சொன்னபடி வரிசையில் நின்று இறந்தார்கள் என்று எழுத வேண்டும். இழப்பீடு பற்றி இந்த மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை.

13. கடைசியாக ஒன்று. கிரேக்கக் கதைகளிலிருந்து வந்த சொற்களை நான் அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் நடத்த வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளைகள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். நாளிதழ் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் அவர்கள். ‘பேனிக்’ என்ற சொல்லுக்கு, தி.நகர் கடையில் எட்டுப் பேர் அதனால் இறந்தார்கள் என்று யாராவது ஒரு பிள்ளை எழுதத்தான் போகிறது. அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இருக்காது. அதற்கு நான் சரி என்று குறி போட வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு என்னை ஆளாக்காமல் அறிக்கையைத் திருத்தித் தர வேண்டுமாய்த் தங்களை மன்றாடுகிறேன்.

இடம்: சென்னை
நாள்: 12.01.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ரா. மர்சலின்
ஜெசிகாவின் தாய்