செவுள் வைத்த பாம்பு

இன்று காலை குரும்பகரத்து மதகில் பலகையைத் தூக்கினோம். அடைபட்டுக் கிடந்த சேற்று நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. கூடவே முழ நீளத்துக்கு ஒன்று நெளிந்து வந்து கரையில் விழுந்தது. "பாம்பு சார்!" என்று ஆள் கடப்பாரையை ஓங்கினான்.

"அடிக்காதய்யா! முதுகப் பாரு, வரிசையா முள்ளு நிக்குது. மூஞ்சியப் பாரு, கூரா நீண்டிருக்கு. கல்லாரால் மீனுய்யா அது!" என்று கத்தினேன்.

அவன் கடப்பாரையை இறக்கினான். எனக்குக் கையெல்லாம் பரபரத்தது. அந்த நிமிஷமே சைக்கிளை எடுத்துக்கொண்டு உன் கடைக்கு ஓடி வரவேண்டும் போல இருந்தது. நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற வரியெல்லாம் எனக்கு வராது, உனக்கே தெரியும்.

நமக்குள் இது எப்படி ஆரம்பித்தது, நினைவிருக்கிறதா? நான் டிப்ளமா முடித்து வாய்க்கால் ஓவர்சியராகச் சேர்ந்த புதிது. பிரெஞ்சுக்காரன் கொடி இன்னும் இறங்கியிருக்கவில்லை. நீ கடைத்தெருவில் உன் வாப்பாவின் கடிகாரக் கடையில் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒரு நாள் உன் வீட்டில் சாப்பாடு. உன் உம்மா வைத்த மீன்குழம்பை நீ விலாங்கு என்றாய், நான் ஆரால் என்றேன். முள்ளைத் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கத்தினோம். "தின்னுட்டுச் சண்ட போடுங்க வாப்பா, ஆறிப்போவுது" என்றார் உம்மா. குழம்பு ஆறித்தான் போனது.

அதற்குப் பிறகு கடைக்கு லீவு விடுகிற வெள்ளிக்கிழமைகளில், தொழுகை முடிந்ததும் நீ சைக்கிளோடு வந்து நிற்பாய். அரசலாற்றங்கரை, நூலாற்று வாய்க்கால், ஊர் ஊருக்குக் குளம், குட்டை என்று ஒன்று விடவில்லை. பாம்பு போல நீண்டது எதைக் கண்டாலும் இறங்கிவிடுவோம். அதற்கு ஒரு விதி வகுத்தது நான். தலைக்குப் பின்னால் காது மாதிரி இரண்டு பக்கமும் துடுப்பு இருந்தால் விலாங்கு. முதுகில் முள் வரிசை இருந்தால் ஆரால். இரண்டும் இல்லாவிட்டால் பாம்பு, கையை எடு. மதகுக் கதவு மாதிரி விதி: ஒன்று திறந்திருக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும். எனக்கு அதில் பெருமை வேறு.

சுரக்குடியில் என் சித்தப்பா வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இருந்த குளத்தில் மீன் பிடிக்கிற நாள் வந்தது. வைகாசி வெயில், ஆற்றில் தண்ணீர் விடுவதற்கு முன்னால். குளம் சுண்டி முழங்கால் சேறாகிவிட்டது. ஊரே இறங்கித் துழாவிக்கொண்டிருந்தது. எல்லோரும் விரால் தேடினார்கள். நாம் மட்டும் கரையோரப் பொந்து பொந்தாகக் கையை விட்டுக்கொண்டிருந்தோம். "ஒரு கூடை கெண்டைக்கு வழியக் காணோம், இதுங்க எலிவளை நோண்டுதுங்க" என்று சித்தப்பா சிரித்தார்.

திடீரென்று நீ "யா அல்லா!" என்று கத்தினாய். கையை உருவியபோது வலது ஆள்காட்டி விரலைக் கவ்வியபடி சேற்று நிறத்தில் ஒன்று தொங்கியது. நீ உதறினாய், அது கரையில் விழுந்தது, பண்ணையாள் கோவிந்தன் மம்பட்டியால் தலையில் போட்டான். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்.

நான் குனிந்து பார்த்தேன். ஊர் மொத்தமும் என் வாயைப் பார்த்தது. படித்தவன் இல்லையா! காது மாதிரி துடுப்பு? இல்லை. முதுகில் முள்? இல்லை. "பாம்புதான்" என்றேன், பட்டென்று. விதி அப்படித்தான் சொன்னது.

சித்தப்பா வேட்டியைக் கிழித்து உன் மணிக்கட்டில் இறுக்கினார். கோவிந்தன் அரிவாளை எடுத்துத் துடைத்தான். "கணுவோட எடுத்துடணும் தம்பி. வெசம் மேல ஏறுனா ஒங்க வாப்பா மரைக்காருக்கு நாங்க என்ன பதில் சொல்றது? கண்ண மூடிக்குங்க, ஒரே போடு."

அந்த விரல்தான் உன் பிழைப்பு. கடிகாரத்து மயிரிழைச் சுருளைச் சின்ன இடுக்கியால் எடுத்து வைக்கிற விரல். நீ வெளுத்துப்போய் இருந்தாய். ஆனாலும் உன் வாய் அடங்கவில்லை.

"இருங்கண்ணே, இருங்க. வெரல் போயிட்டா நான் உங்க மம்பட்டியாலயா வாட்ச் ரிப்பேர் பாக்குறது?" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "டேய் மச்சான், வெட்டுறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ கழுவிக் காட்டுடா. கடிச்சவன் மொவத்தப் பாக்க வேணாமா?"

குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். நீ இடது கையால் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தாய்.

"பாம்புன்னா செதில் இருக்கணும், இதுல ஒண்ணு கூட இல்லடா."

"அடிச்ச அடியில உரிஞ்சிருக்கும்" என்றான் கோவிந்தன்.

"வால் வரைக்குமா அடிச்சீங்க? திருப்புடா மச்சான், வயித்துப் பக்கம்."

திருப்பினேன். தொண்டைக்கு அடியில் குறுக்கே ஒரே ஒரு வெட்டு. மம்பட்டி பட்ட கீறல் என்று நான் சொன்னேன். நீ மூக்கு உரச அதைப் பார்த்தாய்.

"கீறலா இருந்தா ஓரம் பிஞ்சிருக்கும். இது டெய்லர் மடிச்சுத் தச்ச மாதிரி இருக்குடா! குச்சிய உள்ள வுடு!"

ஈர்க்குச்சியை விட்டேன். இடது பக்கம் போனது. எடுத்து மறுபடி விட்டேன், வலது பக்கமும் போனது. மெல்ல நெம்பினேன். உள்ளே சிவப்பாக, சீப்புப் பல் மாதிரி.

"செவுள்!"

யார் முதலில் கத்தினது? நீயா, நானா? இரண்டு பேருமேதான். "பாம்புக்கு ஏதுடா செவுள்!" என்று நான் சேற்றில் குதிக்க, கட்டுப்போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நீயும் குதித்தாய். ரெண்டு செவுளுக்கும் சேர்த்து அடியில் ஒரே வாசல்! நம் விதியில் இல்லாத மூன்றாவது மீன்! சித்தப்பா மிரண்டுபோய், "அய்யய்யோ, புள்ளைக்கு வெசம் தலைக்கு ஏறிடுச்சுடா" என்றார்.

கோவிந்தன் லேசில் விடவில்லை. "மீனுன்னா தின்னு காட்டுங்க தம்பி" என்றான். "கொழம்பு வைக்கச் சொல்லுங்கண்ணே, இப்பவே திங்கிறேன்" என்றாய். சித்தி அடுப்படி வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்: "என் சட்டில அது விழுந்துச்சோ, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்." அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அரிவாள் கீழே இறங்கியது. அப்புறம்தான் உன் விரலை எல்லோருமாகப் பார்த்தோம். பாம்புப் பல் பதிந்த இரண்டு புள்ளி எதுவும் இல்லை, அரம் உரசியது போலச் சின்னச் சின்னக் கீறல்கள். நான் கட்டை அவிழ்த்தேன். கைக்கு ரத்தம் திரும்ப ஓடி, அந்த விரல் மடங்கி நிமிர்ந்ததே, அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருந்தேன், பாம்புதான் என்று!

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நீ கேரியரில் உட்கார்ந்திருந்தாய். சாராயம் குடித்தவன் மாதிரி பேசிக்கொண்டே வந்தாய். அது மூச்சை எப்படி விடும், சேற்றுக்குள் கோடை முழுக்க எப்படிக் கிடக்கும், இன்னும் எத்தனை குளத்தில் இருக்கும். அதன் பெயர் என்ன என்று நான் கேட்டுக்கொண்டே மிதித்தேன். பெயர் தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. நீ என் முதுகில் தட்டினாய்.

"ஒன் விதி நல்ல விதிதான்டா. கடைசி வரிதான் தப்பு. 'ரெண்டும் இல்லாட்டி பாம்பு'ன்னு முடிக்கிற. 'ரெண்டும் இல்லாட்டி இன்னும் தெரியல'ன்னு முடி. வெரலாவது மிஞ்சும்."

அதன் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வருஷமே உன் மாமா சைகோன் கடைக்கு உன்னைக் கூப்பிட்டுக்கொண்டார். அங்கே வயலெல்லாம் விலாங்காம் என்று குதித்துக்கொண்டு கப்பல் ஏறினாய். பிறகு உன் மாமாவிடமிருந்து தந்திதான் வந்தது. காய்ச்சலில் போய்விட்டாய் என்று மட்டும் இருந்தது. என்ன காய்ச்சல், ஏன் உனக்கு என்று கடைத்தெருவில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அந்த ஊர்த் தண்ணி என்றான் ஒருவன், கண்ணேறு என்றான் இன்னொருவன். என்னையும் கேட்டார்கள். "தெரியல" என்றேன்.

மதகடியில் கரை கசிகிறது. மத்தியானம் மேலதிகாரி வந்து நின்றார். நண்டு வளையா, கட்டு வேலை பழுதா, ஒரே வார்த்தையில் சொல்லு என்றார். முன்பானால் அவர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் சொல்லியிருப்பேன். "இன்னும் தெரியல சார். உள்ள இறங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். படித்த பையன் இப்படிச் சொல்கிறானே என்று அவர் முகம் சுளித்தார். நான் செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு இறங்கினேன்.