அட்டையில் ‘சர்க்கரை இல்லை’ என்று நான் சொல்லி எழுதவைத்ததை மாற்றக் கோருவது

அனுப்புநர்:
கா. சுப்பராமன்,
விற்பனையாளர், கூட்டுறவு நியாயவிலைக் கடை,
ஆரப்பாளையம், மதுரை – 16.

பெறுநர்:
உயர்திரு பெண் மருத்துவ அலுவலர் அவர்கள்,
மேட்டுத்தெரு மகப்பேறு மனை,
மதுரை.

பொருள்: என் மனைவி சு. சாவித்ரி (வயது 27) அவர்களின் கர்ப்பிணி அட்டையில் ‘சர்க்கரை – இல்லை’ என்றுள்ள பதிவை ‘உண்டு’ என மாற்றக் கோருதல். அப்பதிவு தவறாக எழுதப்படக் காரணமானவர் பேரில் புகார் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். புகார் மனு என்றால் அடுத்தவர் பேரில் எழுதுவதுதான் உலக வழக்கம். எடை குறைவு, அரிசியில் கல் என்று என் பேரிலேயே எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் கொடுத்துத் தப்பித்த கை இது. இந்த மனுவுக்கு மட்டும் விளக்கம் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. இதில் புகாருக்கு உள்ளானவன் நானே.

1. என் மனைவிக்கு இது மூன்றாவது கர்ப்பம். ஐந்தாம் மாதம் நடக்கிறது. முதற்பிரசவம் வழக்கப்படி அவள் தாய்வீடான உசிலம்பட்டியில், 1976-இல் நடந்தது. ஏழாம் மாதத்தில் அங்கிருந்த டாக்டரம்மா அவள் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்ச, அது செங்கல் நிறமாக மாறியது. கர்ப்பத்தோடு வருகிற சர்க்கரை என்றார்கள். சாப்பாட்டை அளந்து, ஊசி போட்டு, கண்ணும் கருத்துமாகப் பார்த்து, நல்லபடியாக ஒரு பெண் குழந்தையை எங்கள் கையில் கொடுத்தார்கள். நாற்பதாம் நாள் மறுபடி பார்த்தபோது மருந்து நீலமாகவே நின்றது. “போயிருச்சுன்னு அசந்துறாதீக. அடுத்து உண்டானா திரும்ப வரும். மொத மாசத்துலயே டாக்டர்கிட்டச் சொல்லிருங்க” என்று அந்த அம்மையார் சொல்லி, அதையே ஒரு சீட்டிலும் எழுதித் தந்தார். சொன்னது என்னிடம். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவனும் நான்.

2. 1979 தொடக்கத்தில், இரண்டாவது கர்ப்பத்துக்கு, தங்கள் மகப்பேறு மனைக்கு வந்தோம். தாங்கள் அப்போது இங்கு பொறுப்பில் இல்லை. மனைவியை உள்ளே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அட்டை வாங்க நான் ஜன்னல் வரிசையில் நின்றேன். அந்தச் சமயம் என் தங்கை அகிலாண்டத்துக்கு ஒரு வரன் கைகூடி வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா, தம் மகளுக்கு அட்டை வாங்க, எனக்கு நேர் பின்னால் நின்றார்.

ஜன்னலில் இருந்த நர்ஸ் எல்லோரிடமும் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்: “சர்க்கரை உண்டா?” எனக்கு முன்னால் கீழக்குயில்குடியிலிருந்து வந்த ஓர் அம்மாள், “சக்கரை எங்கிட்டுத் தாயி வாங்குறது? கருப்பட்டிதேன்” என்றார். வரிசையே சிரித்தது. நர்ஸும் சிரித்துவிட்டு, “அந்தச் சக்கரை இல்லத்தா. ஒண்ணுக்குல சக்கரை இறங்குதா, முந்தி இருந்துச்சான்னு கேக்குறேன்” என்று தெளிவாக விளக்கினார். அதை நான் இரண்டு காதாலும் கேட்டேன். அடுத்து என் முறை. என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெரியம்மா. நோய்க்காரக் குடும்பம் என்று பேர் வந்துவிடுமே, தங்கை கல்யாணம் நின்றுவிடுமே என்று பயந்தேன். “இல்லை” என்றேன். எழுதிக்கொண்டார்.

பெஞ்சுக்குத் திரும்பியதும் மனைவி, “சர்க்கரை இருந்ததச் சொல்லிட்டீகளா?” என்று கேட்டாள். “சொல்லிட்டேன்” என்றேன். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அதுவரை அவளுக்கு ஒரு காரணமும் நான் கொடுத்ததில்லை.

3. தங்கள் மனையில் அப்போது எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை முதலில் ஒரு தடவைதான். ‘உண்டு’ என்றவர்களுக்குத்தான் பிந்திய மாதங்களில் மறுபடி பார்த்தார்கள். முதல் பரிசோதனையில் மருந்து நீலமாகவே இருந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். உசிலம்பட்டியிலும் ஏழாம் மாதத்தில்தான் தெரிந்தது என்பதை நினைக்க எனக்கு மனமில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று, அந்தச் சீட்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். ஆவணியில் கல்யாணம் முடியட்டும், அப்புறம் டாக்டரிடம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தவணை போட்டுக்கொண்டேன். ஏழு, எட்டாம் மாதங்களில் அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். வயிறு மிகப் பெரிதாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம், “ஆம்பளப் புள்ளதேன், அதான் இம்புட்டு வயிறு” என்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

4. 11.8.1979 அன்று, சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முன்பே, ஆண் குழந்தை பிறந்தது. எடை ஒன்பதரை பவுண்டு. அழவேயில்லை.

தாய்க்குச் சர்க்கரை இருந்தால்தான் பிள்ளை இப்படிப் பெருக்கும் என்று பெரிய நர்ஸ் அட்டையைப் புரட்டி, “சர்க்கரை இல்லைன்னுல்ல போட்டிருக்கு, யார் சொன்னது?” என்று கேட்டார். என் மாமனார் சின்னச்சாமி அவர்கள் உட்பட எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது, அம்மையீர், அந்தக் கீழக்குயில்குடி அம்மாள் கள்ளங்கபடமில்லாமல் சொன்ன வார்த்தை என் வாயில் வந்தது. “சக்கரைன்னா வெல்லச்சக்கரையக் கேக்குறாகன்னு நெனச்சுட்டேன். நம்ம வீட்டுல சீனிதான” என்றேன். மாமனார் என் தோளைத் தட்டி, “மாப்ள என்ன செய்வாரு, நம்ம பக்கம் சீனின்னாத்தானே வெளங்கும்” என்று எனக்காகப் பரிந்து பேசினார். மகனைப் பறிகொடுத்த இடத்தில் நின்றுகொண்டு ஆறுதலும் வாங்கிக்கொண்டேன். மனைவி உள்ளே மயக்கத்தில் கிடந்தாள்; அவள் மனம் நோகும் என்று இந்தப் பேச்சைப் பிறகும் அவளிடம் யாரும் எடுக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் வெள்ளைச் சீனியை யாரும் சர்க்கரை என்பதில்லை, மெய்தான். ஆனால் நான் யார்? ரேஷன் கடைக்காரன். வாயால் சீனி என்று சொன்னாலும், பதிவேட்டிலும் ரசீதிலும் நாள் தவறாமல் ‘சர்க்கரை’ என்று எழுதுகிறவன். மூட்டை வராத நாட்களில் வாசற்பலகையில் ‘சர்க்கரை இல்லை’ என்று சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதுகிறவன். ஊரில் யாருக்கு அந்தச் சொல் குழம்பினாலும் எனக்குக் குழம்ப வழியே இல்லை. இதை யாரும் யோசிக்கவில்லை. மூன்று வருடமாக அந்தப் பலகையை எழுதும்போதெல்லாம் எனக்குக் கை கூசுகிறது. கூசியதோடு சரி, யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

குழந்தை போனதால் தள்ளிப்போன தங்கை கல்யாணம் தையில் நடந்தது. பந்தியில் அந்தப் பெரியம்மா பாயசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, “எனக்குப் பத்து வருசமாச் சீனி வியாதிப்பா” என்று எல்லோர் எதிரிலும் கூச்சமில்லாமல் சொன்னார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

5. சென்ற திங்களன்று புது அட்டை போட வந்தோம். எழுத்தர் திரு. பிச்சுமணி பழைய அட்டையைப் பார்த்து ‘சர்க்கரை – இல்லை’ என்று அப்படியே இறக்கி எழுதிவிட்டார். மனைவியை எடை பார்க்க உள்ளே அனுப்பிவிட்டு, மாற்றச் சொல்லிக் கேட்டேன். “போன தடவை இல்லைன்னு சொன்னதும் நீங்க, இப்ப உண்டுங்கறதும் நீங்க. அண்ணே, நான் எதை நம்புறது? உசிலம்பட்டிச் சீட்டக் கொண்டாங்க, இல்ல டாக்டரம்மாவுக்கு எழுதிக் குடுங்க” என்றார். அவர் பேரில் எனக்குக் குறை இல்லை. சீட்டு என்னிடம் இல்லை. உசிலம்பட்டியிலும் அந்த டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார்; பழைய ஏடு எதுவும் கிடைக்கவில்லை என்கிறார்கள். ஆக, என் மனைவிக்கு முன்பு சர்க்கரை இருந்தது என்பதற்கு இன்று எழுத்தில் உள்ள ஒரே அத்தாட்சி இந்த மனு. பொய் சொன்னவனின் எழுத்து என்று இதைத் தள்ளிவிட வேண்டாம் என்று மன்றாடுகிறேன்.

6. எனவே, அட்டையில் ‘உண்டு’ என்று சிவப்பு மையில் எழுதவும், இந்த மாதம் முதலே அடிக்கடி பரிசோதிக்கவும், இரத்தம் பார்ப்பதற்கும் பிரசவத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தரவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். முடியுமானால் இந்தக் கேள்வியை ஜன்னல் வரிசையில் கேட்காமல் உள்ளே தனியாக அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். என்னைப் போன்ற கோழைகள் இன்னும் இருப்பார்கள். அவர்களுடைய மனைவிமார் என்ன பாவம் செய்தார்கள்? இதன் பேரில் என்மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன்.

7. இம்மனுவை இதுவரை எழுதி முடித்ததும் இன்று காலை மனைவிக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். போன பிரசவத்துக்கு முந்திய வாரம் பக்கத்து வீட்டு விசேஷத்தில் அவள் ஒரு கை கேசரி சாப்பிட்டாள். அதனால்தான் பிள்ளை போயிற்று என்று என் தாயார் சொன்னதை அவளும் நம்பி, மூன்று வருடமாகப் பண்டிகை நாளில்கூட இனிப்பைத் தொடாமல் இருக்கிறாள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியவன் நான். வாசித்து முடித்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “அப்ப, நான் தின்னதால இல்லையா?”

இல்லை என்றேன். நான் காலில் விழப் போனேன், விடவில்லை. “மொதல்ல போயி அட்டைய மாத்திட்டு வாங்க. மத்ததப் பெறகு பேசிக்கிடுவோம்” என்றாள்.

ஆகையால் இதைத் தபாலில் சேர்க்காமல் நேரில் கொண்டுவந்திருக்கிறேன். தங்கள் அறைக்கு வெளியே நிற்கிறேன். அட்டை என் கையில் இருக்கிறது. தாங்கள் கூப்பிடும்வரை, எத்தனை நேரமானாலும், நிற்பேன்.

இடம்: மதுரை
நாள்: 16.6.1982

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) கா. சுப்பராமன்