நீ திறந்த மெயில்

இன்று காலை, புதிதாகப் படகு வாங்கிய ஒருவர் நம் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார். ஏதோ விண்ணப்பம் போட மெயில் ஐடி வேண்டுமாம். பெயர், பிறந்த தேதி எல்லாம் அடித்து முடித்து, "பாஸ்வேர்டு என்னண்ணே வைக்கிறீங்க?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "படகு நம்பரயே போட்டுருங்க தங்கச்சி, அதான் மறக்காது" என்றார்.

நான் என்னை அறியாமல் உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். அதில் இப்போது பிரிண்டர் பேப்பர் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

"பூட்டையும் போட்டுட்டு, சாவியப் படகு நெத்தியில எழுதி வச்சிருக்காங்கடி" என்று நீ முதல்முறை சொன்னபோது எனக்கும் சிரிப்பு வந்தது. ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் நிற்கிற ஒவ்வொரு விசைப்படகிலும் எண்ணைப் பெரிது பெரிதாகப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். பாதி முதலாளிகளின் மெயில் அந்த எண்ணைப் போட்டால் திறந்துகொள்ளும். வேறு ஏதாவது வையுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் நான் மன்றாடுவேன். நீ மன்றாட மாட்டாய். அவர்களிடம் நேற்று என்ன மீன் பட்டது என்று கேட்டுக்கொண்டிருப்பாய். என்னிடம் நல்ல புத்தி கேட்டுவிட்டு, போகும்போது உன்னிடம் சொல்லிக்கொண்டு போவார்கள்.

உன்னிடம் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்குப் பொறாமை. புதுக்கோட்டையில் நாம் பி.சி.ஏ. படித்த மூன்று வருடமும் நான்தான் முதல் மார்க். ஆனால் லேபில் ஒரு மெஷின் நின்றுபோனால் மேடம் உன்னைத்தான் கூப்பிடுவார். நான் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி எழுதிய புரோகிராமில் இருக்கிற ஓட்டையை, நீ வேர்க்கடலை தின்றுகொண்டே கண்டுபிடித்துச் சொல்வாய். இரண்டு பேரும் சேர்ந்து இந்தக் கடையைப் போட்ட பிறகும் அதே கதைதான். ஷட்டரை நான் திறப்பேன், கூட்டிப் பெருக்கி உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் வாசலில் நின்றுகொண்டே, "அந்த அக்கா இல்லையா?" என்று கேட்பார்கள். அந்த அக்காவுக்கு என்னை விட ஐந்து மாதம் வயது குறைவு என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது.

செல்வி வந்த அன்றும் அப்படித்தான் கேட்டாள். அவள் புருஷன் படகு டிரைவர். எல்லையைத் தாண்டிவிட்டார்கள் என்று அவனையும் கூடப் போன மூன்று பேரையும் அக்கரையில் பிடித்து வைத்திருந்தார்கள். பிடிபடுவது நம் ஊருக்குப் புதிதில்லை. ஆனால் அந்த முறை படகு முதலாளி கை கழுவிவிட்டார். "நான் இங்கிட்டுத்தான் நிக்கச் சொன்னேன், அவன் தன் இஷ்டத்துக்கு அங்கிட்டுப் போயிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மீனவர் சங்கக் கூட்டம். டிரைவர்மேல்தான் தப்பு என்று அங்கே முடிவானால், அவனை மீட்க யாரும் அலைய மாட்டார்கள். திரும்பி வந்தாலும் வேறு எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள்.

"அவுக சொன்ன எடத்துக்குத்தாங்க்கா போனாரு. பேப்பருல எழுதிக் குடுத்தாகளாம். அந்தப் பேப்பரும் படகோட போயிருச்சு" என்று உன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தப் பேப்பரை அடித்துக் கொடுத்தவளே நான்தான். உனக்கும் அது தெரியும். இறால் எங்கே படும், எந்த இடத்தில் வலை இறக்க வேண்டும் என்கிற ஜி.பி.எஸ். எண்களைப் 'பாயிண்ட்' என்பார்கள். முதலாளிகள் அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். செல்வி புருஷனின் முதலாளி என்னிடம் கொடுத்து அடிக்கச் சொல்வார், அதை அவர் மெயிலுக்கே அனுப்பி வைப்பேன், டிரைவருக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவார். அந்த வாரம் அடித்ததில் இரண்டு பாயிண்ட் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்பது அடிக்கும்போதே எனக்குப் பட்டது. நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

செல்வி போனதும் நீ என்னிடம் கேட்டாய். "கூட்டத்துக்கு வந்து, நான்தான் அடிச்சுக் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லுடி. அது போதும்."

"கஸ்டமர் விஷயத்த வெளிய சொல்லக் கூடாது. அப்புறம் யாரு நம்ம கடைக்கு வருவா?"

"அப்ப நான் அவர் மெயிலத் தொறக்குறேன்."

"அது குத்தம். இன்னைக்கு நீ செல்விக்காகத் தொறப்ப. நாளைக்குச் செல்வி மெயில வேற ஒருத்தன் தொறப்பான். அவனும் ஒரு நியாயம் வச்சிருப்பான்."

"பூட்டுன வீட்டுக்குள்ள பொகை வருது. சாவிக்காரன் வரட்டும்னு நிப்பியா?"

"பொகைன்னு நெனச்சு ஒடைப்ப, உள்ள சாம்பிராணி போட்டிருப்பாங்க."

"இது பொகைதான்னு ஒனக்குத் தெரியுமேடி" என்றாய். நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நான் சாப்பிடப் போன நேரத்தில் நீ அதைச் செய்தாய். இரண்டு நிமிட வேலைதான். அந்தப் படகை அக்கரைக்கு இழுத்துப் போய்விட்டார்கள் என்றாலும் அதன் எண் உனக்கு மனப்பாடம். மற்ற எதையும் தொடாமல் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்ததாகப் பின்னால் சொன்னாய். அதை நான் நம்புகிறேன். உன் குணம் எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் செல்வி அந்தத் தாளை நீட்டியதும் முதலாளி எழுந்து வெளியே போய்விட்டாராம். டிரைவர்மேல் தப்பில்லை என்று முடிவானது. அன்று மாலை கடை வாசலில் கூட்டம். செல்வி உன்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவள் மாமியார் உன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். நான் உள்ளே ஒருவருக்கு வாக்காளர் அட்டை பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். சரியாக நடந்துகொண்டவள் நான், தப்புச் செய்தவள் நீ. திருஷ்டி உனக்குக் கழிக்கிறார்கள். என்னையும் ஒரு பார்வை பார்த்திருக்கலாம்.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். நீ டோனர் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தாய்.

"ஏம்மா, என் மெயில யாரும் தொறந்துருக்காகளான்னு பாக்க முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். உங்கள் பாஸ்வேர்டு துறைமுகத்துக்கே தெரியும், யாரைப் பிடிப்பது என்று சொல்லியிருக்கலாம். அதுகூடப் பொய் இல்லை. நான் அவரை உட்கார வைத்து, பட்டியலைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணி, எல்லாம் அதில் இருந்தது. அவருக்குப் புரியவில்லை. "இது நம்ம கடை மெஷின்தாண்ணே" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "அந்த நேரத்துல நான் சாப்பிடப் போயிருந்தேன்" என்றும் சொன்னேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஸ்டேஷனில் உன்னை மதியம் வரை உட்கார வைத்தார்கள். மன்னிப்பு எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். நீ இருக்கும்வரை இந்தக் கடைக்கு வர மாட்டோம் என்று முதலாளிகள் சொன்னார்கள். நீயாகவே சாவியை மேஜையில் வைத்துவிட்டு, திருக்கோகர்ணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போனாய். முதலாளிக்கு ஆதாரம் எப்படிக் கிடைத்தது என்று நீ ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான். கேட்டிருந்தால் நியாயம் பேசத் தயாராக வைத்திருந்தேன்.

பிறகு நோயில் விழுந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நீ மெலிந்து கிடந்தபோது வந்தேன். நீதான் பேச்சை எடுத்தாய். "அடுத்தவங்க மெயிலத் தொறக்கக் கூடாதுன்னியே, அது சரிதான்டி. நானும் யோசிச்சுப் பாத்தேன். ஆனா நீ அவர்கிட்டச் சொன்னது அதுக்காக இல்ல."

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

இன்றைக்கும் யார் கேட்டாலும், நீ மெயிலைத் திறந்தது தப்பென்றுதான் நான் சொல்வேன். ஆனால் அன்று நான் கூட்டத்துக்கு வந்திருந்தால் நீ அந்த மெயிலைத் தொட வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. நீ செய்தது குற்றமா என்று ஊர் பேசியது, என்னைப் பற்றி ஊருக்குப் பேச்சே இல்லை. அதிலும் நீதான் முந்திக்கொண்டாய் என்று தோன்றும். பார், இப்போதும் அந்தப் பொறாமை விடவில்லை எனக்கு.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. செல்வியின் புருஷன் விடுதலையாகி வந்துவிட்டான். வேறு படகில் டிரைவராகப் போகிறான். நீ போன செய்தி கேட்டு இரண்டு பேரும் கடைக்கு வந்து அழுதார்கள். "நீங்க ரெண்டு பேரும் சேந்துதானக்கா செஞ்சீங்க, அவங்க ஒங்களக் காட்டிக் குடுக்காமத் தன் தலையிலயே போட்டுக்கிட்டாங்க" என்று செல்வி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் கை சூடாக இருந்தது. நான் சும்மா இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்து படகு கரைக்கு வந்தால் எனக்கு நண்டு வருகிறது. பெரிதாகப் பார்த்து, காலைக் கட்டி, தூக்கு வாளியில் போட்டுக் கொண்டு வருகிறாள். "ஒடம்பப் பாத்துக்கங்கக்கா, ஒங்களையும் விட்டுட்டா எங்களுக்கு யாரு" என்கிறாள். உனக்கு வந்த அன்பு. உன்னைக் கேட்காமல், உன் பெயரைப் போட்டு, நான் திறந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்றும் வந்தது. மிளகு போட்டுக் குழம்பு வைத்தேன். நன்றாக இருந்தது.